யாரும் தொடாத விசைப்பலகை: பழைய மென்பொருளுக்குள் அகப்பட்ட தரவை மீட்டெடுத்தல்

நமது அலுவலகங்களிலும் சங்கங்களிலும் இன்னும் பாவனையில் உள்ள பழைய மென்பொருட்களுக்குப் பொதுவான ஒரு குணம் உண்டு. தரவை உள்ளே வாங்கிக்கொள்ளும், வெளியே விடாது. பெயரைத் தட்டச்சு செய்யலாம், திரையில் பார்க்கலாம், தாளில் அச்சிடலாம். ஆனால் எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாக எடுத்து வேறொரு மென்பொருளுக்குக் கொடுக்க வழி இருக்காது. அதை எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போயிருப்பார், அல்லது கடையை மூடியிருப்பார். கணினி கரகரக்கத் தொடங்கும் நாளில்தான் இது ஒரு பிரச்சினையாகத் தெரியவரும்.

அப்படியான நேரங்களில் கைகொடுக்கும் ஒரு நுட்பத்தைப் பற்றியது இக்கட்டுரை. ஒரு சிறிய நிரலை எழுதி, அந்த நிரல் மவுஸை நகர்த்துவது போலவும் விசைகளை அழுத்துவது போலவும் இன்னொரு மென்பொருளை இயக்க வைப்பதே அது. இயக்கப்படும் மென்பொருளில் ஒரு வரியைக்கூட மாற்றவேண்டியதில்லை. அது தன் முன்னே ஒரு இலிகிதர் அமர்ந்து வேலை செய்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

நான் இதைச் செய்யப் பழகியது வன்னியிலுள்ள ஒரு சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்துக்காக. 1,860 அங்கத்தவர்களின் சேமிப்பும் கடனும் விசுவல் பேசிக் 6 இல் எழுதப்பட்ட ஒரு பழைய மென்பொருளில் இருந்தன. அது 1998 இல் வெளிவந்த மொழி; அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2008 இலேயே நிறுத்திவிட்டது. தரவுக் கோப்புக்குக் கடவுச்சொல் இடப்பட்டிருந்தது. அதை இட்டவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. ஒவ்வொரு அங்கத்தவரின் பக்கத்தையும் திறந்து, பார்த்து, புதிய மென்பொருளில் கையால் பதிவதென்றால் ஆளுக்கு நான்கு நிமிடம் பிடித்தது. ஒரு இலிகிதருக்கு இருபது வேலை நாட்களுக்கு மேற்பட்ட வேலை, அதுவும் வேறெந்த வேலையும் செய்யாமல்.

நேரம் மட்டும் பிரச்சினை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அங்கிருந்த மூத்த இலிகிதர் அக்கா கேட்டது வேறு: "பிழையா விழுந்தா ஆரிட்டத் தம்பி போய்க் கேக்கிறது?" ஒருவருடைய மிகுதி அடுத்தவரின் பெயரில் விழுந்தால், பாஸ் புத்தகத்தைத் தொலைத்த ஒருவருக்குத் தன் பணத்தை நிரூபிக்க வேறு ஆதாரம் கிடையாது. கட்டுரையின் பெரும்பகுதி வேகத்தைப் பற்றியல்லாமல் சரிபார்ப்பைப் பற்றியே இருப்பதற்குக் காரணம் அந்தக் கேள்விதான்.

முதலில் வேறு வழிகளைப் பாருங்கள்

மவுஸை ஓட்டுவது கடைசி வழி. அதற்கு முன் பார்க்கவேண்டியவை சில உண்டு. மென்பொருளின் அறிக்கைப் பகுதியில் எக்செல், உரைக்கோப்பு என்ற தெரிவுகள் எங்காவது ஒளிந்திருக்கின்றனவா என்று பார்க்கலாம். இல்லாவிட்டால் விண்டோஸில் எழுத்துகளை மட்டும் அச்சிடும் பொது அச்சுப்பொறி ஒன்றை நிறுவி, தாளுக்குப் பதிலாகக் கோப்புக்கு அச்சிடச் சொல்லலாம். பல பழைய கணக்கு மென்பொருட்களின் முழுப் பேரேடும் இவ்வழியில் நேராக ஒரு உரைக்கோப்பாக வந்து விழும். தரவுக் கோப்பு மைக்ரோசொப்ட் அக்சஸ் வகையாக இருந்து பூட்டப்படாமலும் இருந்தால், அதை நேரடியாகத் திறந்து வாசிப்பதே எல்லாவற்றிலும் மேல்.

எங்களுக்கு இவை எதுவும் சரிவரவில்லை. அறிக்கையில் அங்கத்தவரின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டது, பின்னுரித்தாளர் விபரம் அறவே வரவில்லை. கடவுச்சொல்லை உடைக்கும் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன என்று சொன்னவர்களும் இருந்தார்கள். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் அதிகாரமின்றி நுழைவதைக் குற்றமாக்குகிறது. தன் சொந்தத் தரவைச் சங்கம் எடுப்பதை யாரும் குறைசொல்லப்போவதில்லை என்று வாதிடலாம். ஆனால் இலிகிதர் தன் சொந்தக் கடவுச்சொல்லால் நுழைந்து, தான் தினமும் பார்க்கும் திரையை நிரலைக் கொண்டு பார்ப்பதில் அந்த வாதமே தேவைப்படாது.

எங்கிருந்து வந்தது

இது புதிய எண்ணம் அல்ல. விண்டோஸ் 3.1 இலேயே ரெக்கோர்டர் என்றொரு சிறு செயலி இருந்தது. செய்வதைப் பதிந்துவைத்து மீண்டும் அப்படியே செய்யும். விண்டோஸ் 95 இல் அது காணாமல் போனது. அந்த வெற்றிடத்தில் 1999 இல் ஜொனதன் பெனெட் உருவாக்கிய ஓட்டோஇட் வந்தது. ஆயிரக்கணக்கான கணினிகளில் மென்பொருட்களை நிறுவும்போது "அடுத்து, அடுத்து, முடி" என்று அழுத்திக்கொண்டிருக்கும் வேலையை இல்லாமலாக்குவதே அதன் ஆரம்ப நோக்கம். 2003 இல் கிறிஸ் மாலெட் வெளியிட்ட ஓட்டோஹொட்கீ அதிலிருந்து கிளைத்தது. திறந்த மூலம், முற்றிலும் இலவசம். அதன் இரண்டாம் பதிப்பு 2022 டிசெம்பரில் நிலையான வடிவில் வந்தது. பைதன் தெரிந்தவர்களுக்கு அல் ஸ்வைகார்ட் எழுதிய பைஓட்டோஜியூஐ இருக்கிறது.

பெரிய நிறுவனங்கள் இதையே ரொபோ செயன்முறைத் தன்னியக்கம் என்ற பெயரில் வாங்குகின்றன. ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2005 இல் சிறு நிறுவனமாகத் தொடங்கிய யூஐபாத் 2021 இல் நியூயோர்க் பங்குச் சந்தைக்குப் போனது. மைக்ரோசொப்ட் 2020 இல் சொப்டோமோட்டிவ் என்ற கிரேக்க நிறுவனத்தை வாங்கி, அதன் கருவியைப் பவர் ஓட்டோமேட் என்ற பெயருக்குள் கொண்டுவந்து, 2021 மார்ச்சில் விண்டோஸ் 10 பாவனையாளர்களுக்கு மேலதிகக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. விண்டோஸ் 11 இல் அது கூடவே வருகிறது. நிரல் எழுதத் தெரியாதவர் தொடங்குவதற்கு இன்று அதுவே இலகு. நான் ஓட்டோஹொட்கீயைத் தேர்ந்ததற்குக் காரணம், சங்கத்தின் கணினி பழையது, இணைய இணைப்பும் கிடையாது.

உள்ளே நடப்பது என்ன

விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தும்போது அந்தச் செய்தி முதலில் இயங்குதளத்துக்குப் போகிறது. இயங்குதளம் அதை வரிசையில் போட்டு, அந்நேரம் முன்னணியில் இருக்கும் சாளரத்திடம் ஒப்படைக்கிறது. அந்த வரிசையில் ஒரு நிரலும் செய்தியைப் போட விண்டோஸ் இடம் தருகிறது. சென்ட்இன்புட் என்பது அதற்கான செயல்கூறு. ஒரே அழைப்பில் போடப்படும் விசைகளுக்கு நடுவே மனிதர் அழுத்தும் விசை புகுந்துவிடாது என்பது இதன் நன்மை.

செய்தி எங்கே போய்ச் சேரும் என்பதைக் கவனியுங்கள்: முன்னணியில் உள்ள சாளரத்துக்கு. நிரல் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது "புதுப்பிப்பு தயார்" என்று ஏதாவது அறிவித்தல் பெட்டி முன்னே வந்து நின்றால், அங்கத்தவரின் தொலைபேசி இலக்கம் அந்தப் பெட்டிக்குள் போகும். பின்னால் வரும் என்டர் விசை அதற்குச் சம்மதமும் சொல்லிவிடும்.

இதைத் தவிர்க்க இன்னொரு வழி உண்டு. பொதுவரிசையில் போடாமல், குறிப்பிட்ட பொத்தானுக்கோ எழுத்துப் பெட்டிக்கோ நேரடியாகச் செய்தி அனுப்பலாம். சாளரம் பின்னால் இருந்தாலும் வேலை நடக்கும். சில மென்பொருட்கள் இதை ஏற்கும். சில ஏற்றதுபோல் காட்டிவிட்டு உள்ளே ஒன்றும் செய்யாது. பெட்டியில் எழுத்து தெரியும், சேமித்தால் வெறுமையாக இருக்கும். சேமித்ததை மீண்டும் திறந்து பார்க்காமல் இந்த முறையை நம்பக்கூடாது.

பலரை மணிக்கணக்கில் குழப்பும் விடயம் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, தாழ்ந்த உரிமையில் ஓடும் நிரல் உயர்ந்த உரிமையில் ஓடும் நிரலுக்கு விசைகளை அனுப்ப முடியாது. புதிய கணக்கு மென்பொருள் நிர்வாகி உரிமையில் ஓடி, உங்கள் நிரல் சாதாரண உரிமையில் ஓடினால் ஒரு கிளிக்கும் போய்ச் சேராது. இதில் கொடுமை என்னவென்றால், தடுத்ததாக விண்டோஸ் சொல்வதும் இல்லை. எந்த வழுச் செய்தியும் வராது, நிரல் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும், மறுபக்கத்தில் எதுவும் நடக்காது. கிளிக் வேலைசெய்யாவிட்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். திரையை மங்கலாக்கி "அனுமதிக்கிறீர்களா" என்று கேட்கும் பெட்டியும் அப்படியே. அதை எந்தச் சாதாரண நிரலாலும் அழுத்த முடியாது, அழுத்த முடியாதபடிதான் அது அமைக்கப்பட்டிருக்கிறது.

லினக்ஸில் பழைய எக்ஸ் சாளர முறைமையில் எக்ஸ்டூடூல் என்ற கருவி தாராளமாக வேலை செய்யும். புதிய வேலண்டில் அந்தச் சுதந்திரம் இல்லை. மக் கணினியில் அணுகல்தன்மை அமைப்புக்குள் போய் அந்த நிரலுக்கு உங்கள் கையால் அனுமதி கொடுக்கவேண்டும்.

எங்கே அழுத்துவது

பொத்தானைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, திரையின் இடப்பக்க மேல் மூலையிலிருந்து எத்தனை புள்ளி தள்ளி என்று கணக்குச் சொல்வது. எழுதுவது மிக இலகு, உடைவதும் மிக இலகு. சாளரம் சற்று நகர்ந்தால் போயிற்று. காட்சி அளவை 100 சதவீதத்திலிருந்து 125 ஆக யாராவது கண்ணுக்கு வசதியாக மாற்றினாலும் போயிற்று. திரையை விடுத்து சாளரத்தின் மூலையிலிருந்து அளந்தால் ஓரளவு தப்பலாம்.

இரண்டாவது, பொத்தானின் படத்தைக் கொடுத்து அதைத் திரையில் தேடச் சொல்வது. அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2009 இல் தொடங்கிய சிக்குலி இந்த எண்ணத்தைப் பரவலாக்கியது. மெக்சிக்கோவின் உய்ச்சோல் பழங்குடியினரின் மொழியில் அந்தச் சொல்லுக்குக் கடவுளின் கண் என்று பொருளாம். கண் கூர்மைதான். ஆனாலும் நிறம் மாறினால், எழுத்துரு மென்மையாக்கம் மாறினால், ஒரே மாதிரி இரண்டு பொத்தான்கள் இருந்தால் தடுமாறும்.

மூன்றாவது வழிதான் நிலையானது. விண்டோஸ் ஒவ்வொரு சாளரத்திலும் உள்ள பொத்தான்கள், பெட்டிகள், பட்டியல்கள் ஆகியவற்றை ஒரு மரம்போல் ஒழுங்குபடுத்தி, பெயருடனும் வகையுடனும் வெளியே காட்டுகிறது. "சேமி என்ற பெயருள்ள பொத்தான்" என்று கேட்டால் அது திரையில் எங்கிருந்தாலும் கிடைக்கும். எழுத்துப் பெட்டியில் உள்ளதைப் படமாக்கி வாசிக்கவும் தேவையில்லை, எழுத்தாகவே தரும். இந்த வசதி தன்னியக்கத்துக்காகப் பிறந்ததல்ல. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருட்களுக்காக, 1990 களின் பிற்பகுதியிலிருந்து மைக்ரோசொப்ட் கட்டியெழுப்பியது. என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பான்கள் இன்றும் அதன்மீதே நிற்கின்றன. ஒரு மென்பொருளைப் பார்வையற்றவர் பாவிக்கக்கூடியதாக எழுதினால் அதைத் தன்னியக்கமாக்குவதும் இலகுவாகிவிடுகிறது. ஒன்றுக்கு அக்கறை காட்டாத மென்பொருள் மற்றதிலும் காலை வாரிவிடுகிறது.

எங்கள் பழைய மென்பொருள் பாதிப் பாதி. பெயர், முகவரி, மிகுதி ஆகிய பெட்டிகள் மரத்தில் தெரிந்தன. கொடுக்கல்வாங்கல் அட்டவணை மட்டும் வெறும் ஓவியமாக வரையப்பட்டிருந்தது. அதற்குள் எதையும் வாசிக்க முடியாது. முகாமையாளருடன் பேசி, பழைய கொடுக்கல்வாங்கல்களை அச்சிட்டுக் கோவையில் வைப்பதென்றும், மிகுதிகளை மட்டும் புதிய மென்பொருளுக்குக் கொண்டுபோவதென்றும் முடிவெடுத்தோம்.

காத்திருத்தல்

நிரல் விரைவானது, மென்பொருள் மெதுவானது. ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு, அது திறக்கும் முன்பே பெட்டியை வாசித்தால் முந்தைய அங்கத்தவரின் மிகுதிதான் அங்கே இருக்கும். அதை அடுத்தவரின் பெயரில் எழுதிவிடும். எந்த வழுவும் காட்டாது. இந்த வேலையில் நேரக்கூடியவற்றில் மிக மோசமானது இதுவே.

இரண்டு செக்கன் பொறுத்துவிட்டு வாசி என்று எழுதுவது பொதுவழக்கு. நான் அதை நம்புவதில்லை. பழைய வன்தட்டு ஒருநாள் மூன்று செக்கன் எடுக்கும். நேரத்துக்காகக் காத்திருக்காமல் நிலைமைக்காகக் காத்திருக்கவேண்டும்: கேட்ட அங்கத்துவ இலக்கம் திரையில் வரும்வரை காத்திரு, பத்துச் செக்கனில் வராவிட்டால் நிறுத்து. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எங்கள் மென்பொருளில் இலக்கம் முதலில் மாறி, மிகுதி கொஞ்சம் பிந்தியே மாறியது. ஆகவே அரைச் செக்கன் இடைவெளியில் இரண்டு தடவை வாசித்து, இரண்டும் ஒத்தால் மட்டுமே ஏற்றுக்கொள்வது என்று வைத்தோம். போதாததற்கு, ஒவ்வொருவருக்குப் பின்னும் வெற்றுப் பக்கத்தைத் திறந்து பெட்டிகளைச் சுத்தமாக்கிவிட்டே அடுத்தவருக்குப் போனது. அப்போது பிந்தி வந்தால் வெறுமைதான் கிடைக்கும், அடுத்தவரின் பணம் கிடைக்காது.

முப்பது பேருடன் செய்த பரீட்சார்த்த ஓட்டத்தில் இன்னொன்றும் தெரியவந்தது. காலமான அங்கத்தவரின் பக்கத்தைத் திறக்கும்போது மட்டும் ஒரு அறிவித்தல் பெட்டி வரும். "சரி" அழுத்தினால்தான் போகும். அப்படிப்பட்டவர்களை நிரல் தானாகக் கடந்துபோவதற்குப் பதிலாக, இலக்கத்தைக் குறித்துவைத்து ஒதுக்கும்படி செய்தோம். அந்தக் கணக்குகளை இலிகிதர்கள் கையாலேயே பதிந்தார்கள். பின்னுரித்தாளர்கள் யார், உரிமை கோரியவர் யார் என்று ஒவ்வொன்றையும் கோவையுடன் பார்க்கவேண்டியிருந்ததால் அது மனிதர்களின் வேலையாக இருப்பதே முறையாகப் பட்டது.

தமிழில் வரும் தலையிடி

ஆங்கிலக் கையேடுகள் எதிலும் இந்தப் பகுதி இருக்காது. பழைய மென்பொருளில் பெயர்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. பாமினியில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. கந்தசாமி என்று தெரியும் இடத்தில் உள்ளே இருப்பது எப், ஈ, அரைப்புள்ளி, ஜே, ஆர், எச், கே, பி என்ற எட்டுக் குறிகள். அதை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் அந்த எட்டும்தான் வரும். யூனிகோடுக்கு மாற்றவேண்டும்.

மாற்றுவது எழுத்துக்கு எழுத்து போடும் வேலை அல்ல. பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தட்டச்சாகும், கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில். யூனிகோடில் மெய் முதலில், உயிர்க்குறி பின்னால். "கொ" என்பது பாமினியில் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு; யூனிகோடில் க வும் ஒகரக் குறியும். இந்த ஒகரக் குறியையே ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், கணினி இரண்டையும் வேறு வேறு சொல்லாகவே பார்க்கும். கொடிகாமம் என்ற ஊரை ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் பதிந்தால் தேடும்போது பாதிப்பேர் அகப்படமாட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

பிறகு தட்டச்சு. பைஓட்டோஜியூஐயின் எழுதும் கட்டளைக்கு விசைப்பலகையில் உள்ள எழுத்துகளைத்தான் தெரியும், தமிழ் தெரியாது. அதில் தமிழைக் கிளிப்போர்ட்டில் வைத்து, கொன்ட்ரோல் வீ அழுத்தி ஒட்டுவதே வழி. ஓட்டோஹொட்கீ யூனிகோட் எழுத்தை நேரடியாக அனுப்பும், பெறும் மென்பொருளும் யூனிகோட் அறிந்ததாக இருந்தால். அறியாததாக இருந்தால் கேள்விக்குறிகளின் வரிசை ஒன்று கிடைக்கும்.

கிளிப்போர்ட்டைப் பாவிப்பவர்கள் இரண்டைக் கவனிக்கவேண்டும். நகலெடுக்கும் முன் அதை வெறுமையாக்கி, நிரம்பும்வரை காத்திருக்கவேண்டும். இல்லையேல் பழைய பெயரே மீண்டும் ஒட்டும். அத்துடன் விண்டோஸ் 10 இலிருந்து வரும் கிளிப்போர்ட் வரலாறு என்ற வசதியை அணைத்துவைக்க வேண்டும். அடையாள அட்டை இலக்கங்கள் அங்கே தேங்கி நிற்கத் தேவையில்லை.

அடையாள அட்டை என்றதும் நினைவுக்கு வருவது: பழைய இலக்கம் ஒன்பது இலக்கமும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் எழுத்தும், 2016 இலிருந்து பன்னிரண்டு இலக்கம். விசைப்பலகை தமிழில் நிற்கும்போது நிரல் வீ விசையை அழுத்தினால் அங்கே தமிழெழுத்து விழும். பன்னிரண்டு இலக்கத்தை எக்செல்லில் சாதாரணக் கட்டத்தில் இட்டால் அது விஞ்ஞானக் குறியீடாகச் சுருங்கிக் காட்டும். தொலைபேசி இலக்கத்தின் முன்னுள்ள சைபரையும் விழுங்கிவிடும். கட்டங்களை முன்கூட்டியே எழுத்து வகையாக அமைக்கவேண்டும். திகதி இன்னொரு பொறி. கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் 03/04 மார்ச் 4 ஆகிவிடும், நமக்கு அது ஏப்ரல் 3. வட்டிக் கணக்கில் ஒரு மாதம் வித்தியாசப்படும்.

சரிபார்த்தல்

வேலையை இரண்டாகப் பிரித்தோம். முதல் இரவு பழைய மென்பொருளிலிருந்து வாசித்து ஒரு எக்செல் கோப்பில் எழுதுவது மட்டும். எதையும் மாற்றாததால் இதில் ஆபத்துக் குறைவு. அடுத்த சில நாட்கள் அந்தக் கோப்பைச் சரிபார்ப்பதற்கு. அதன் பிறகுதான் புதிய மென்பொருளில் பதிவது. ஒரு மென்பொருளில் வாசித்து உடனடியாக மற்றதில் எழுதும் நிரலை எழுதலாம், பார்க்கவும் அழகாக இருக்கும். நடுவில் மனிதர் பார்ப்பதற்கு இடமிருக்காது.

மொத்தக் கூட்டுத்தொகை பழைய மென்பொருளின் பரீட்சை மீதியுடன் ஒத்துப்போனது. அது போதாது. எல்லா மிகுதிகளும் ஒரு வரி கீழே நகர்ந்து, ஒவ்வொருவர் பணமும் அடுத்தவர் பெயரில் விழுந்தாலும் கூட்டுத்தொகை மாறாது. இதற்குக் கணக்காளர்கள் வைத்திருக்கும் பழைய உபாயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு அங்கத்துவ இலக்கத்தையும் அவருடைய மிகுதியால் பெருக்கி, அந்தப் பெருக்கங்களைக் கூட்டுவது. அந்த எண்ணுக்குத் தனக்கென்று பொருளில்லை. ஆனால் இரண்டு பேரின் மிகுதி இடம்மாறினாலே அது மாறிவிடும். முதல் வாசிப்பில் ஒருமுறை, வேறொரு நாளில் கடைசி இலக்கத்திலிருந்து பின்னோக்கி வாசித்து ஒருமுறை, புதிய மென்பொருளில் பதிந்தபின் அதிலிருந்து வாசித்து ஒருமுறை என்று மூன்று தடவை அந்த எண்ணை எடுத்தோம். பின்னோக்கி வாசித்ததற்குக் காரணம், முந்தையவரின் மிகுதி ஒட்டிக்கொள்ளும் கோளாறு இருந்தால் இரண்டு திசையிலும் வேறு வேறாகப் பிழைக்கும் என்பதே. அத்துடன் மாதக் கூட்டத்துக்கு வந்த அங்கத்தவர்களின் பாஸ் புத்தகங்களை அக்கா ஒவ்வொன்றாகக் கோப்புடன் ஒப்பிட்டார்.

ஓட்டம் ஆளுக்கு இருபத்தைந்து செக்கன் வீதம், மொத்தம் ஏறத்தாழ 13 மணித்தியாலம். இடையில் மின்சாரம் போகும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட நாட்டில் இதை விளக்கத் தேவையில்லை. பதிந்து முடிந்த ஒவ்வொரு இலக்கத்தையும் நிரல் உடனுக்குடன் ஒரு உரைக்கோப்பில் எழுதியது. மீண்டும் தொடங்கும்போது, பாதியில் நின்றவர் ஏற்கனவே பதியப்பட்டாரா என்று புதிய மென்பொருளிலேயே தேடிப்பார்த்து, இல்லையென்றால் மட்டுமே பதிந்தது. இல்லாவிட்டால் ஒருவருக்கு இரண்டு கணக்கு உருவாகும்.

நிறுத்தும் விசை முதலில் எழுதப்படவேண்டியது. பைஓட்டோஜியூஐயில் மவுஸைத் திரையின் மூலைக்குத் தள்ளினால் நிரல் நின்றுவிடும், அது இயல்பாகவே உள்ள பாதுகாப்பு. அதை அணைத்துவைக்கச் சொல்லும் ஆலோசனைகளைக் கேட்காதீர்கள். ஓட்டோஹொட்கீயில் ஒரு விசையை நீங்களே ஒதுக்கவேண்டும். நாங்கள் எஸ்கேப் விசையை வைத்தோம். ஓடும்போது திரை பூட்டப்படக்கூடாது, கணினி உறங்கக்கூடாது. தொலைவிலிருந்து இணைந்து ஓட்டுபவர்கள் அந்தச் சாளரத்தைச் சுருக்கிவைத்தால் கிளிக்குகள் நின்றுபோவதையும் காண்பார்கள்.

கடவுச்சொல், சட்டம்

கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதிவைக்க வேண்டாம். நிரல் என்பது எவரும் திறந்து வாசிக்கக்கூடிய உரைக்கோப்பு. எங்கள் வேலையில் இலிகிதர் தானே நுழைந்தார், அதன்பின்பே நிரல் தொடங்கியது. நடுவிலிருந்த எக்செல் கோப்பில் 1,860 பேரின் பெயர், முகவரி, அடையாள அட்டை, கடன் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்ட நாட்டில் அப்படியொரு கோப்பை மடிக்கணினியில் வீட்டுக்குக் கொண்டுபோவது சரியல்ல. அது சங்கத்தின் கணினியை விட்டு வெளியேறவில்லை.

இதே நுட்பம் திருடர்களுக்கும் தெரியும். விசைப்பலகை என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் யூஎஸ்பி துண்டு ஒன்றைச் செருகினால், அது சில செக்கன்களில் தீங்கான கட்டளைகளைத் தானே தட்டச்சு செய்துவிடும். யூஎஸ்பி சாதனங்களின் இந்த ஓட்டையை ஜேர்மன் ஆய்வாளர்கள் 2014 இல் பகிரங்கமாகக் காட்டினார்கள். ஓட்டோஇட், ஓட்டோஹொட்கீ நிரல்களைத் தனிக்கோப்பாக மாற்றிக்கொடுத்தால் வைரஸ் தடுப்பு மென்பொருட்கள் சிலவேளை அவற்றைத் தடுப்பதும் இந்தச் சந்தேகத்தால்தான். மாற்றாமல் உரைக்கோப்பாகவே வைத்திருங்கள், வாசித்துப் பார்க்கவும் முடியும்.

இப்போது திரையைப் பார்த்துத் தானே மவுஸை நகர்த்தும் செயற்கை நுண்ணறிவும் வந்திருக்கிறது. 2024 ஒக்டோபரில் அன்த்ரொபிக், 2025 ஜனவரியில் ஓபன்ஏஐ என்று நிறுவனங்கள் வெளியிட்டன. பெயர் தெரியாத பொத்தான்களுக்கு அவை உதவலாம். கணக்குப் பேரேட்டுக்கு நான் பாவிக்கமாட்டேன். திரையின் படம் வெளிநாட்டுச் சேவையகத்துக்குப் போகும் என்பது ஒரு காரணம். ஒரே வேலையை 1,860 தடவையும் ஒரே மாதிரிச் செய்வதற்கு யோசிக்காத நிரலே பொருத்தம் என்பது மற்றக் காரணம்.

சங்கத்தில் இப்போதும் அந்த நிரலின் சிறு பகுதி ஒன்று ஓடுகிறது. மாத வட்டியைப் புதிய மென்பொருளில் போட்டபின் கிளைவாரியான அறிக்கைகளை ஒவ்வொன்றாகத் திறந்து அச்சிடுகிறது. நிரலை எழுதியவர் இல்லாதபோதும் அதை ஓட்டத் தெரியவேண்டும் என்பதால், கணினிக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். காட்சி அளவு 100 சதவீதம், விசைப்பலகை ஆங்கிலம், திகதி அமைப்பு நாள்-மாதம்-ஆண்டு, இரண்டு நிரல்களும் ஒரே உரிமையில், நிறுத்துவதற்கு எஸ்கேப், எஸ்கேப் கேட்காவிட்டால் கொன்ட்ரோல் ஓல்ட் டிலீட். கடைசி வரியை அக்கா தன் கையெழுத்தில் பிறகு சேர்த்தார்: அச்சிட்ட அறிக்கையில் மொத்தத்தைப் பார்த்துக் கையொப்பமிட்ட பின்னரே கோவையில் போடவும்.